மைனர் லீக்கும் மூன்று சாசேஜ் ரொட்டிகளும்

'மைனர்' என்ற சொல்லைக் கேட்டாலே என் வயதுக்காரர்களுக்கு ஓர் உருவம் கண் முன்னால் வரும். சில்க் ஜிப்பா, கழுத்தில் தடித்த சங்கிலி, ஐந்து விரலில் நான்கு மோதிரம், வாயில் வெற்றிலை. அப்பன் சொத்தை ஊர் ஊராகப் போய் அழிப்பவர். வட அமெரிக்காவில் 'மைனர் லீக்' பேஸ்பால் ஆடுகிற பையன்கள் இதற்கு நேர் எதிர். அவர்களும் ஊர் ஊராகத்தான் போகிறார்கள். ஆனால் பேருந்தில் போகிறார்கள், சங்கிலி கிடையாது, சொத்தும் கிடையாது. 2024 கோடையில் அப்படி ஓர் அணியின் பின்னால் ஆறு நாள் சுற்றிவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுதும்படி இரண்டு நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம். நம்மவர்களுக்குக் கிரிக்கெட்டை வைத்துச் சொன்னால்தான் புரியும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனால் அந்த அணியின் முறை முடிந்தது, அடுத்த அணி ஆட வரும். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். மட்டை உருண்டையாக இருக்கும். நம் ஊர் அம்மிக்குழவியை நீளமாக இழுத்தாற்போல. அடித்தால் ஓடியே ஆக வேண்டும். அவ்வளவுதான். மீதி எல்லாம் இரண்டு ஆட்டம் பார்த்தால் தானாக வந்துவிடும்.

நாம் தொலைக்காட்சியில் பார்ப்பது மேஜர் லீக். அதில் 30 அணிகள். 2024-இல் அங்கே ஓர் ஆட்டக்காரருக்குக் குறைந்தபட்சச் சம்பளமே ஆண்டுக்கு 7,40,000 டாலர். அதற்குக் கீழே படிப்படியாக மைனர் லீக் அணிகள். ஒவ்வொரு பெரிய அணிக்கும் நான்கு சிறிய அணிகள் என்று 2021-இல் கணக்கைச் சுருக்கினார்கள். 160 ஆக இருந்தது 120 ஆயிற்று. அவற்றின் மேல் படியில் ஆடுபவருக்கே 2023-இல் போட்ட ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 35,800 டாலர்தான். அந்த ஒப்பந்தத்துக்கு முன்னால் அதில் பாதிதான். இந்த வரிசையிலும் சேராமல், பெரிய அணி எதற்கும் சொந்தமில்லாமல் தனியாக நடக்கும் லீக்குகளும் உண்டு. ஃப்ரான்டியர் லீக் என்பது அதில் ஒன்று. பெரிய அணிகள் விட்டுவிட்ட பையன்களும், எடுத்துக்கொள்ளாத பையன்களும் ஆடும் இடம். மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை 96 ஆட்டம். யாராவது பார்த்துக் கூப்பிட மாட்டார்களா என்பதுதான் எல்லோருடைய நினைப்பும்.

அந்த லீக்கில் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்து இரண்டு அணிகள். கியூபெக் நகரத்தில் ஒன்று, த்ருவா-ரிவியேர் ஊரில் ஒன்று. இரண்டு ஊர்களிலும் மைதானம் 1938-இல் கட்டியது. எங்கள் அணி எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் நான் எழுதப்போகும் பையன் யாரென்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் மகளும் மாப்பிள்ளையும் பல ஆண்டுகளுக்கு முன் கியூபெக்கில் குடியேறினார்கள். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு அங்கே குடியேற்றத்தில் முன்னுரிமை உண்டு. பேரன் படிப்பதும் பிரெஞ்சுப் பள்ளியில்தான். வெளியிலிருந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்க வேண்டும் என்று 1977 முதல் சட்டம் இருக்கிறது. தமிழ் காதில் விழும், வாயில் வராது. எனவே தாத்தாவும் பேரனும் பேசும் மொழி பிரெஞ்சு.

என் பிரெஞ்சின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, இந்திய அரசாங்கத்தில் எல்.டி.சி.யாகச் சேர்ந்தவன். 34 ஆண்டு சர்வீசில் அந்த மொழி எதற்கு உதவியது என்றால், சொத்துத் தகராறு வரும்போது பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைப் படித்துச் சொல்வதற்கு. நொத்தேர் எழுதிய கோழிக்கிறுக்கலை நான் படிப்பேன், இரண்டு தரப்பும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். மற்றபடி சொல்தா பென்ஷன் வாங்கும் பெரியவர்கள் பீச் ரோட்டில் அகப்பட்டால் நாலு வார்த்தை பேசுவதோடு சரி.

கியூபெக்கில் போய் இறங்கினால் அவர்கள் பேசும் பிரெஞ்சு முதல் வாரம் எனக்குப் புரியவில்லை. ஆனால் பேஸ்பால் மைதானத்தில் ஒலிபெருக்கியில் சொன்னது முழுக்கப் புரிந்தது! ஆங்கிலேயர் விளையாட்டுச் சொற்களை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் சொல் வைத்திருக்கிறார்கள். பந்து வீசுபவர் 'லான்சேர்'. ஒரு இன்னிங்ஸ் 'மான்ஷ்', அதாவது சட்டைக் கை. ஆட்டக்காரர் அடிக்க நிற்கும் தட்டுக்கு 'மார்ப்ர்', சலவைக்கல். சுழலாமல் தடுமாறி வரும் ஒரு வகைப் பந்துக்கு 'பால் பப்பியோன்', வண்ணத்துப்பூச்சிப் பந்து. வண்ணத்துப்பூச்சி என்ற சொல்லைப் பிரெஞ்சில் கடைசியாக எந்த வகுப்பில் படித்தேனோ! எழுபது வயதுக்கு மேல் ஒரு மொழி மறுபடியும் வேலைக்கு வந்தது போல் இருந்தது.

இனி பையன் விஷயம். இந்தத் தனி லீக்குகளில் ஆட்டக்காரர்களுக்கு வாடகை கட்டும் அளவுக்குச் சம்பளம் போதாது. அதனால் உள்ளூர் ரசிகர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறை கொடுத்துத் தங்கவைப்பார்கள். பேரனின் நச்சரிப்புத் தாங்காமல் மகள் சம்மதித்துவிட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்த அதே மே மாதம் அவனும் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூர். 26 வயது. மட்டையடிப்பவருக்குப் பின்னால் குந்திக்கொண்டு பந்தைப் பிடிக்கும் ஆள், அதாவது கேட்ச்சர், பிரெஞ்சில் 'ரெஸவேர்'. ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கு மேல் பந்து அவன் கையைத் தாண்டித்தான் போகும், ஆனால் கைதட்டல் எல்லாம் வீசுபவருக்கும் அடிப்பவருக்கும். ஆபீசில் கோப்பு நகர்த்தியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

பேரன் கூப்பிடுவதைக் கேட்டு என்னைத் 'தாத்தா' என்றும் என் மனைவியைப் 'பாட்டி' என்றும் அழைத்தான். அவை எங்கள் பெயர்கள் என்று ஜூன் மாதம் வரை நினைத்துக்கொண்டிருந்தான். இரவு பத்தரை மணிக்கு ஆட்டம் முடிந்து வருவான். என் மனைவி இட்லி எடுத்துவைத்திருப்பாள். பதினோரு இட்லி சாப்பிட்ட நாளும் உண்டு. "குந்திக் குந்தி எழுகிற பிள்ளை, பசிக்காதா?" என்பாள்.

ஆகஸ்டில் அணி எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனது. செவ்வாய் முதல் வியாழன் வரை ட்ராய், வெள்ளி முதல் ஞாயிறு வரை பேட்டர்சன். மாப்பிள்ளைக்கு விடுமுறை இருந்தது. என் பாஸ்போர்ட்டில் பழைய பத்து வருட அமெரிக்க விசா காலாவதியாகாமல் இருந்தது. மாப்பிள்ளை, பேரன், நான் மூவரும் காரில் அணியின் பேருந்துக்குப் பின்னால் கிளம்பினோம். பையனுக்கும் எங்களுக்குமாக ஒரு தூக்கு நிறையப் புளிசாதம். "சர்க்கரை மாத்திரை பையில் இருக்கு, கண்டதைச் சாப்பிடாதீங்க" என்று மகள் சொன்னாள். தலையை ஆட்டிவைத்தேன்.

ட்ராய் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய தொழில் நகரம். 'அங்கிள் சாம்' என்று அமெரிக்காவையே ஒரு தாடிக்காரராக வரைகிறார்களே, அவர் இந்த ஊர் இறைச்சி வியாபாரி சாமுவேல் வில்சன் என்று ஊரார் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். 1812 போரில் படைக்கு அவர் அனுப்பிய இறைச்சிப் பீப்பாய்களில் யு.எஸ். என்ற எழுத்துகள் இருந்தனவாம். இறைச்சி வியாபாரி ஊரில் இறைச்சி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா? இங்கே சாசேஜ் ரொட்டி விரல் நீளம்தான். குட்டி ரொட்டி, குட்டி சாசேஜ், கடுகு விழுது, பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே மசாலாக் கொத்துக்கறி. யாரும் ஒன்று வாங்குவதில்லை. நாலு, ஆறு என்று தட்டில் வரிசையாக வருகிறது. ஒன்றின் அளவைக் காட்டி மாப்பிள்ளையிடம் "இதெல்லாம் ஒரு கணக்கா?" என்றேன். ஐந்து ஆனது.

ட்ராய் அணிக்கும் ஒரு கதை உண்டு. அது ஹூஸ்டன் பெரிய அணியின் கீழ் இருந்தது. 160-ஐ 120 ஆக்கியபோது வெளியே தள்ளப்பட்டது. மூடிவிடாமல் 2021-இல் ஃப்ரான்டியர் லீக்கில் சேர்ந்து தொடர்ந்து ஆடுகிறது. குடும்பம் குடும்பமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மூன்று ஆட்டத்திலும் எங்கள் பையன் பந்தைத் தொட்டுக்கூட அடிக்கவில்லை என்று சொல்லலாம். மூன்றாம் நாள் மட்டையோடு திரும்பி நடந்து வரும்போது எங்கள் பக்கம் பார்க்கவில்லை. பேரன் கத்திக் கூப்பிடப் போனான்; மாப்பிள்ளை கையைப் பிடித்து அமர்த்தினார்.

வெள்ளிக்கிழமை பேட்டர்சன். நியூ ஜெர்சி மாநிலம். ஒரு காலத்தில் இதற்குப் 'பட்டு நகரம்' என்று பெயர். ஊர் நடுவில் பெரிய அருவி. அதன் நீர் வேகத்தை நம்பித்தான் ஆலைகள் வந்தன. 1913-இல் பட்டாலைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் அமெரிக்க வரலாற்றில் பெரிய பெயர். ஆலைகள் போய்விட்டன, செங்கல் சுவர்கள் நிற்கின்றன. ஏ.எஃப்.டி. மில் சங்குச் சத்தத்துக்கு எழுந்து வளர்ந்த நமக்கு அந்தச் சுவர்களைப் பார்த்தால் ஏதோ செய்யும்.

அருவிக்குப் பக்கத்திலேயே ஹிஞ்ச்லிஃப் மைதானம். 1932-இல் திறந்தது. கறுப்பர்களைப் பெரிய லீக்கில் சேர்க்காத காலத்தில் அவர்கள் தங்களுக்கென்று நடத்திய லீக்குகள் ஆடிய மைதானம். அப்படிப்பட்டவை இன்று சிலவே மிஞ்சியிருக்கின்றன. பல வருடம் செடி முளைத்துப் பாழாய்க் கிடந்ததைச் செப்பனிட்டு 2023-இல் மறுபடி திறந்தார்கள். இந்த ஊரில் வளர்ந்த லாரி டோபி 1947 ஜூலையில் கிளீவ்லண்ட் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் புரூக்ளினில் இறங்கிய ஜாக்கி ராபின்சனுக்கு அடுத்து பெரிய லீக்கில் ஆடிய கறுப்பர் அவர்தான். அந்த ராபின்சன் அதற்கு முந்தைய ஆண்டு எங்கே ஆடினார் தெரியுமா? கியூபெக் மாகாணத்தின் மான்ட்ரியால் நகரில், மைனர் லீக்கில். அங்கே கொண்டாடித் தீர்த்தார்கள். பேரனுக்கு இதைச் சொன்னேன். "அப்படியானால் மைனர்தான் முதலில் சரியாகச் செய்தது" என்றான். பதினோரு வயது!

இந்த ஊரின் சாசேஜ் ரொட்டிக்குப் பெயர் 'டெக்சஸ் வீனர்'. டெக்சஸ் மாநிலத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நூறு வருடத்துக்கு முன் பேட்டர்சனில் ஒரு கிரேக்கர் கடையில் பிறந்தது. சாசேஜை எண்ணெயில் முங்கப் பொரித்து எடுக்கிறார்கள். கடுகு, வெங்காயம், கிரேக்க வாசனையோடு கொத்துக்கறிக் குழம்பு, மூன்றும் சேர்த்து வேண்டுமென்றால் 'ஆல் தி வே' என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு காகிதக் கைக்குட்டைக்குப் பதிலாக ஐந்து கொடுத்தார். அனுபவசாலி. வெள்ளை வேட்டி கட்டிப் போயிருந்தால் வீட்டுக்குத் திரும்பியிருக்க முடியாது.

ஞாயிறு ஆட்டம் மதியம். பையன் ஆடவில்லை, வெளியே உட்காரவைத்திருந்தார்கள். ஆட்டம் முடிந்து பேருந்து கிளம்புகிற நேரத்தில் எங்கள் காரிடம் வந்தான். தோளில் பெரிய பை. மாப்பிள்ளையிடம், "உங்கள் வண்டியில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா?" என்று கேட்டான். மேலாளர் அறைக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்களாம். புதிதாக ஒரு கேட்ச்சர் வருகிறான். இந்த லீக்கில் இது தினசரி நடக்கிற காரியம், யாரும் கெட்டவர்கள் இல்லை. அவனுடைய காரும் துணிமணியும் எங்கள் வீட்டில் இருந்தன, திரும்பித்தான் ஆக வேண்டும். பேருந்தில் மற்றவர்களோடு உட்கார மனமில்லை.

பின்சீட்டில் அவனும் நானும். ஆறு ஏழு மணி நேரப் பயணம். முதல் இரண்டு மணி நேரம் பேசவே இல்லை. பேரன் முன்சீட்டில் தூங்குவது போல் நடித்தான். ஆல்பனி தாண்டிய பிறகு பையன் கேட்டான்: "தாத்தா, நீங்கள் ஓய்வு பெற்ற மறுநாள் என்ன செய்தீர்கள்?"

என்னை இதுவரை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. பென்ஷன் எவ்வளவு, கிராஜுவிட்டி என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். எட்டு வயதிலிருந்து பதினெட்டு வருடம் இதையே செய்தவன், 26 வயதில் ரிட்டையர் ஆகிவிட்டான். என்னை விட அவனுக்குச் சர்வீஸ் பாதிதான், ஆனால் அவனுக்கு வேறு வாழ்க்கை தெரியாது. எனக்குத் தெரிந்ததை உள்ளபடி சொன்னேன். மறுநாள் காலை எட்டரைக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை. பீச் ரோட்டில் காந்தி சிலை வரை போய்ப் பத்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு மாதம் இப்படியே போயிற்று.

"பிறகு?"

"பிறகு பக்கத்துத் தெருவில் ஒருவர் பழைய பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து படித்துச் சொல்லச் சொன்னார். படித்துச் சொன்னேன். மறுவாரம் இன்னொருவர் வந்தார். வேலைதான் போயிற்று, படிக்கத் தெரிந்தது போகவில்லை."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆறுதலாக இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அறிவுரையாகக் கேட்டதால் இன்னும் இரண்டு சொன்னேன்: முதல் மாதம் எந்த முடிவும் எடுக்காதே. வழக்கமாக எழுகிற நேரத்திலேயே எழுந்திரு. ஓய்வு பெற்ற நண்பர்களே, உங்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் பிளாட்ஸ்பர்க் ஊர். கடை மூடுகிற நேரம். இங்கேயும் கொத்துக்கறி ஊற்றிய சாசேஜ் ரொட்டிதான், ஆனால் பெயர் 'மிச்சிகன்'. மிச்சிகன் மாநிலம் எங்கேயோ இருக்கிறது. பரிமாறிய அம்மாள், "வெங்காயம் மேலேயா, புதைத்தா?" என்று கேட்டார். சாசேஜுக்கு அடியில் வெங்காயத்தை மறைத்து வைப்பதற்கு அந்த ஊரில் 'புதைத்தல்' என்று பெயர். பையன் அவரை நிமிர்ந்து பார்த்து, "இன்றைக்குப் புதைத்தே கொடுங்கள்" என்றான். பிறகு சிரித்தான். சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பேரன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். அந்த அம்மாள் எத்தனை பேரைப் பார்த்தவரோ, ஒன்றும் கேட்காமல் நான்கு மிச்சிகன்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தூக்கின் அடியில் மிச்சமிருந்த புளிசாதத்தையும் அவனே வழித்துச் சாப்பிட்டான். இரண்டும் ஒன்றாகப் போகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போயிற்று.

ஒருநாள் தங்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினான். இரண்டு நாள் கார் பயணம். என் மனைவி ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கொடுத்து, சாதம் வடித்துப் பிசைந்துகொள்ளச் சொன்னாள். அவள் அழுததைப் பார்த்தால் மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியபோதுகூட அவ்வளவு அழவில்லை என்று தோன்றியது. கீழறையில் இரண்டு நாள் கழித்து வேறொரு பையன் வந்து சேர்ந்தான். நல்ல பையன்தான். ஆனால் வெங்காயம் ஆகாது.

நாங்கள் புதுச்சேரி திரும்பிய பிறகு டிசம்பரில் பேரனுக்குத் தகவல் வந்தது. பகலில் ஒரு கிடங்கில் வேலை, மாலையில் தன் பழைய பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கேட்ச்சிங் சொல்லிக்கொடுக்கிறானாம். காலையில் அதே நேரத்துக்கு எழுவதாகத் தாத்தாவிடம் சொல்லச் சொன்னான். கூடவே பாட்டில் காலியாகிவிட்டது, செய்முறை வேண்டும் என்று கேட்டிருந்தான்.

என் மனைவி சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். 'எலுமிச்சம்பழ அளவு புளி' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டோம். அங்கே விற்கும் எலுமிச்சை நம் ஊர்ப் பழத்தைப் போல இரண்டு மடங்கு. கிராம் கணக்கு அவளுக்குச் சொல்லத் தெரியாது, கையால் உருட்டித்தான் பழக்கம். கடைசியில் பேரன்தான் தொலைபேசியில் வழி சொன்னான். பாட்டியைப் புளியை உருட்டிக் காட்டச் சொல்லி வீடியோவில் பார்த்துவிட்டு, "ஒரு பேஸ்பாலை எட்டாக வெட்டி, அதில் ஒரு துண்டு என்று எழுதுங்கள், அவனுக்குப் புரியும்" என்றான். அப்படியே எழுதி அனுப்பினேன்.